ஒளி விழாவுக்கு முதலில் வேண்டியது இருட்டு

2022 டிசம்பரில் ஐரோப்பாவில் நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருந்தது. உக்ரைன் போரால் எரிவாயு விலை தாறுமாறாக ஏறிவிட்டது, குளிர்காலத்துக்கு மின்சாரம் போதுமா என்று அரசாங்கங்களே கவலைப்பட்டன, பாரிஸில் ஈஃபில் கோபுரத்து விளக்குகளைக்கூட நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை எரிய விடாமல் 11.45க்கே அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே நாட்டில், அதே குளிரில், லியோன் நகரம் ஆண்டுதோறும் நடத்தும் தன் ஒளி விழாவுக்காக டிசம்பர் 8 முதல் 11 வரை நான்கு ராத்திரி கதீட்ரல் சுவரிலும் சதுக்கங்களிலும் வண்ண ஒளியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. வீட்டில் ஹீட்டரைக் குறைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்கு நடுவில் இப்படி விளக்குப் போடுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, இந்த ஒளிக் கலை எப்படி வேலை செய்கிறது, எதற்காகக் குளிர்காலத்தில் வைக்கிறார்கள், எங்கே உண்மையில் செலவு ஆகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

எதை ஒளிக் கலை என்கிறோம்?

தெருவோரத்தில் சீரியல் லைட் தொங்கவிடுவது அலங்காரம். கிறிஸ்துமஸுக்கு எல்லா ஊரும் அதைச் செய்கிறது. ஒளிக் கலை என்பது ஒரு கலைஞர் ஒரு குறிப்பிட்ட இடத்தை மனத்தில் வைத்துச் செய்யும் வேலை. அந்தச் சுவர், அந்தப் பாலம், அந்தச் சிலை இல்லாவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும். வகைகள் பல இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. சுவரில் படம் காட்டுவது. ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங் என்று சொல்வது இதைத்தான். கட்டடத்தின் ஒவ்வொரு தூணுக்கும் ஜன்னலுக்கும் அளவெடுத்துப் படத்தை அதன்மேல் பொருத்துவார்கள். தூண் உருகி வழியும், ஜன்னல் கண் சிமிட்டும்.

2. தானாக ஒளிரும் பொருள்கள். எல்.இ.டி., நியான், ஒளியிழை இவற்றால் செய்த உருவங்கள். பகலில் வெறும் கம்பியும் பிளாஸ்டிக்குமாகத் தெரிபவை.

3. ஒளி பட்டால் மட்டும் உயிர் பெறும் பொருள்கள். வலை, துணி, புகை, நீர்த்தாரை. பொருள் ஒரு பக்கம், விளக்கு இன்னொரு பக்கம்.

மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு, அது இருட்டு. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இந்த விழாக்களின் தேதி, தொழில்நுட்பம், செலவு, சண்டை எல்லாமே கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

சூரியன் மாலை ஐந்துக்கு முன்பே போய்விடும் ஊர்கள்

சென்னையில் டிசம்பரில் மாலை 5.45 வாக்கில் பொழுது சாயும், ஜூன் மாதக் கடைசியில் 6.40 வாக்கில். வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான வித்தியாசம்தான். அதனால் குளிர்கால இருட்டு என்றால் என்னவென்று நமக்கு உடம்பில் தெரியாது. லியோனில் டிசம்பர் 8 அன்று மாலை 4.55க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியிலோ இரவு 9.30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பின்லாந்தின் ஹெல்சின்கி இன்னும் வடக்கே, அங்கே டிசம்பர் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் திரும்புவார்கள்.

இதை ஒளிக் கலைஞரின் கண்ணால் பாருங்கள். ஜூனில் விழா வைத்தால் இரவு பத்தேகாலுக்கு மேல்தான் காட்சியே தொடங்க முடியும், அதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும், கடைசி பஸ் போய்விடும். டிசம்பரில் ஆறு மணிக்கே முழு இருட்டு. இரவு பத்து வரை நான்கு மணி நேரம் ஓட்டலாம், தாத்தா பாட்டியோடு குடும்பமே வரலாம். இருட்டு இயற்கையாகவே இலவசமாகக் கிடைக்கும் மாதங்கள் நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஹெல்சின்கியின் லக்ஸ் விழா ஜனவரித் தொடக்கத்தில், ஆம்ஸ்டர்டாமின் விழா நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, நெதர்லாந்தின் ஐந்தோவனில் குளோ விழா நவம்பரில், வட இங்கிலாந்தின் டர்ஹமில் நடந்த லூமியேரும் நவம்பரில்தான்.

இன்னொரு காரணம் காசு, இதை மறைக்கத் தேவையில்லை. சுற்றுலாப் பயணிகள் வராத மாதங்கள் இவை. ஓட்டல் அறைகள் காலி, உணவகங்கள் காலி. நான்கு ராத்திரி ஊர் நிரம்பினால் வணிகர்களுக்கு அது ஒரு சின்ன அறுவடை. நகராட்சி பட்ஜெட்டில் கலைக்குப் பணம் ஒதுக்க மனம் வராத உறுப்பினரும் ஓட்டல் வரியைப் பார்த்துக் கை தூக்கிவிடுவார்.

1852: ஒரு சிலை, ஒரு வெள்ளம், ஒரு புயல்

லியோன் கதை இதில் மிகப் பழையது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் சேரும் ஊர் அது. சோன் ஆற்றின் மேற்குக் கரையில் ஃபூர்வியேர் குன்று. 1643இல் பிளேக் ஊரை நெருங்கியபோது, எங்களைக் காப்பாற்றினால் ஆண்டுதோறும் குன்றேறி வந்து காணிக்கை செலுத்துகிறோம் என்று நகரத் தலைவர்கள் மாதாவிடம் நேர்ந்துகொண்டார்கள். நோய் விலகியது, நேர்த்திக்கடன் தொடர்ந்தது. இருநூறு வருடம் கழித்து அந்தக் குன்றின் தேவாலயத்தின் மேல் மாதாவுக்கு ஒரு சிலை வைக்க முடிவு செய்து, ஃபாபிஷ் என்ற சிற்பியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். திறப்பு விழா 1852 செப்டம்பர் 8 என்று நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து சோன் ஆற்றில் வெள்ளம் வந்து சிற்பியின் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்துவிட, விழாவை டிசம்பர் 8க்குத் தள்ளினார்கள். அதுவும் மாதா திருநாள்தான்.

டிசம்பர் 8 அன்று புயல் மழை. இரவு வாணவேடிக்கைக்கு எல்லாம் தயார், வானம் மட்டும் தயாராக இல்லை. இனி ஒன்றும் நடக்காது என்று இருந்த நேரத்தில் மாலையில் மழை விட்டது. மக்கள் தாங்களாகவே ஜன்னல் விளிம்பில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள், பிறகு தெருவில் இறங்கி நடந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 8 மாலையும் லியோன் வீடுகளின் ஜன்னலில் லுமினியோன் எரியும். வரிவரியாகப் பள்ளம் வைத்த சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் குட்டை மெழுகுவர்த்தி, குவளை சில சமயம் நீலம், சிவப்பு, பச்சை. நம்மூர் கார்த்திகைக்கு வாசல் திண்ணையில் அகல் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மாதம்கூட ஏறக்குறைய அதுதான்.

இப்போது நாம் செய்தியில் பார்க்கும் பிரம்மாண்டம் மிகவும் பிந்தியது. 1989இல் லியோன் நகராட்சி ஒளித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெருவிளக்கு என்பது திருட்டைத் தடுக்கவும் குழியில் விழாமல் இருக்கவும் மட்டும் என்ற நினைப்பை விட்டு, எந்தப் பாலத்துக்கு என்ன நிறம், எந்தக் கட்டடத்தை எந்தக் கோணத்தில் காட்டுவது, எதை இருட்டில் விடுவது என்று ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் திட்டமிட்டார்கள். அதனால் ஊரில் ஒளி வடிவமைப்பாளர்களும் அதற்கான மின்பணியாளர்களும் உருவானார்கள். 1999இல் டிசம்பர் 8ஐச் சுற்றிப் பல நாள் விழாவாக அதை விரித்தார்கள். 2002இல் லியோனின் முயற்சியில் ஒளியைப் பற்றி யோசிக்கும் நகரங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றும் தொடங்கியது. ஆக, மெழுகுவர்த்தி பக்தியிலிருந்து வந்தது, ப்ரொஜெக்டர் நகராட்சியிலிருந்து வந்தது. ஊர்க்காரர்களில் சிலருக்கு இன்றும் முன்னதுதான் டிசம்பர் 8, பின்னது வெளியூர்க் கூட்டத்துக்கான கச்சேரி.

ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் இரண்டு சொற்கள். லூமென் என்பது ஒரு விளக்கு மொத்தம் எவ்வளவு ஒளியை வெளியே தள்ளுகிறது என்பதன் அளவு. லக்ஸ் என்பது அந்த ஒளி ஒரு பரப்பின்மேல் எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பது; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெளிச்சமான நகரச் சதுக்கம் ஒன்றில் தெருவிளக்கு தருவது 10 முதல் 20 லக்ஸ். முழுநிலா கால் லக்ஸ் அளவுக்குத்தான் தரும், அதிலேயே நாம் வழி தெரிந்து நடந்துவிடுகிறோம்.

இப்போது ஒரு கணக்கு. 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம் உள்ள தேவாலய முகப்பு, பரப்பு 300 சதுர மீட்டர். அதன்மேல் 30,000 லூமென் ப்ரொஜெக்டர் ஒன்று. இது வகுப்பறையில் இருக்கும் சின்னப் பெட்டி இல்லை, நாலு பேர் தூக்க வேண்டிய இயந்திரம். 30,000ஐ 300ஆல் வகுத்தால் 100 லக்ஸ். படத்தின் மிக வெள்ளையான இடத்தில் இவ்வளவுதான் விழும்.

அப்படியானால் மிகக் கறுப்பான இடத்தில்? ப்ரொஜெக்டர் ஒளியைத்தான் அனுப்ப முடியும், கறுப்பை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பு என்பது ப்ரொஜெக்டர் ஒன்றும் அனுப்பாத இடம். அந்த இடத்தில் தெரு என்ன வெளிச்சம் தருகிறதோ அதுதான் கறுப்பு.

1. தெருவிளக்கு எரிகிறது, சுவரில் ஏற்கெனவே 20 லக்ஸ். வெள்ளை 120, கறுப்பு 20. வித்தியாசம் 6 மடங்கு. படம் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைபோல் இருக்கும்.

2. தெருவிளக்கை அணைத்தாகிவிட்டது, எங்கிருந்தோ கசியும் 1 லக்ஸ் மட்டும். வெள்ளை 101, கறுப்பு 1. வித்தியாசம் 101 மடங்கு. தூணுக்குப் பின்னால் உண்மையாகவே பள்ளம் இருப்பதுபோல் தெரியும்.

3. விளக்கை அணைக்காமலே அதே 101 மடங்கு வேண்டுமென்றால், வெள்ளை 2,020 லக்ஸாக இருக்க வேண்டும். தெரு தரும் 20 போக 2,000 லக்ஸ், அதாவது 6,00,000 லூமென். அதே மாதிரி ப்ரொஜெக்டர் 20 வேண்டும்.

ஒரு சுவிட்சை அணைப்பது பத்தொன்பது ப்ரொஜெக்டருக்குச் சமம். அதனால்தான் விழாக்குழுவின் முதல் வேலை கலைஞரைத் தேடுவதோடு கூடவே நகராட்சி மின்பிரிவுக்கு நடப்பதாகவும் இருக்கிறது. எந்தத் தெருவிளக்கு எந்தச் சர்க்யூட்டில் இருக்கிறது, சதுக்கத்து மூலையில் இருக்கும் அந்த ஒற்றை விளக்கைத் தனியாக அணைக்க முடியுமா, முடியாவிட்டால் கறுப்பு உறை மாட்டலாமா, எதிரே இருக்கும் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை, வங்கியின் பெயர்ப்பலகை, மாடி வீட்டுக்காரரின் பால்கனி பல்பு. இந்தப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். பெயர்ப்பலகையை நான்கு ராத்திரி அணைக்கச் சொல்லி ஒரு கடைக்காரரிடம் பேசுவது கலைப்பணியா என்று கேட்டால், ஆமாம், முக்கியமான கலைப்பணி.

சுவரில் படத்தைப் பொருத்துவது எப்படி

1. முகப்பை லேசர் கருவியால் அளந்தோ, நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தோ கணினியில் முப்பரிமாண வடிவமாக்குகிறார்கள்.

2. அந்த வடிவத்தின்மேல் அசைபடம் வரைகிறார்கள். ஒரு காட்சி பெரும்பாலும் சில நிமிடம்தான். கூட்டம் நின்று பார்த்து நகர வேண்டும், நீளமானால் சதுக்கம் அடைத்துக்கொள்ளும்.

3. எதிர்ப்பக்கம் கோபுரமோ சாரமோ கட்டி ப்ரொஜெக்டர்களை ஏற்றுகிறார்கள். ஒரே முகப்பை நாலைந்து ப்ரொஜெக்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு படங்கள் சேரும் விளிம்பில் ஒளி இரட்டிக்கும், அதனால் அந்தப் பட்டையை மட்டும் மங்கலாக்கிக் கோடு தெரியாமல் கலக்கிறார்கள்.

4. பிறகு இரவில், ஊர் தூங்கியபின், பொருத்தும் வேலை. கணினியில் வரைந்த ஜன்னல் ஓரத்தைக் கல்லின் ஜன்னல் ஓரத்தோடு விரல் அளவு பிசகாமல் சேர்க்க வேண்டும். சாரம் காற்றில் துளி அசைந்தாலும் அத்தனையும் மாறிவிடும்.

எல்.இ.டி. வேலைகளுக்கு வேறு வழி. டி.எம்.எக்ஸ். 512 என்று ஒரு கட்டுப்பாட்டு முறை, 1986இல் நாடக மேடை விளக்குகளுக்காக உருவானது. ஒரு இணைப்பில் 512 அலைவரிசைகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு விளக்குக்கு மூன்று போனால் ஒரு இணைப்பில் 170 விளக்குகளை ஆட்டிவைக்கலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் இன்னொரு இணைப்பு. மேடைக்காரர்களின் பழைய சாமான் இன்றும் தெருவில் ஓடுகிறது, அது நன்றாக ஓடுவதால் யாரும் மாற்றவில்லை.

எல்.இ.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் இல்லாததால் வெள்ளையும் இல்லை, முழு வண்ணமும் இல்லை. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சின்ன ஊர்களும் ஒளி விழா நடத்த முடிந்ததற்கு அந்த நீலமும் ஒரு காரணம்.

மாமல்லபுரத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு வலை

மூன்றாம் வகைக்கு, அதாவது ஒளி பட்டு உயிர்பெறும் பொருளுக்கு, நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மன் 1997இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்தார், ஓவியக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. வந்து சேர வேண்டிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. அவர் இருந்தது மாமல்லபுரத்தில். கடற்கரையில் மீனவர்கள் வலையைக் குவித்து வைப்பதைத் தினமும் பார்த்தவருக்கு, கனமே இல்லாமல் இவ்வளவு பெரிய உருவம் செய்யலாமே என்று தோன்றியது. அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார்.

அந்த வழியில் வந்த ஒன்றுதான் 2012 குளிர்காலத்தில், ஆம்ஸ்டர்டாம் ஒளி விழாவின் முதல் ஆண்டில், ஆம்ஸ்டல் ஆற்றின் மேல் தொங்கியது. பெயர் 1.26. 2010 சிலி நிலநடுக்கம் பூமியில் ஒரு நாளின் நீளத்தை 1.26 மைக்ரோ விநாடி குறைத்தது என்ற கணக்கிலிருந்து வந்த பெயர். எஃகைவிட உறுதியான செயற்கை இழையில் பின்னிய வலை, கீழிருந்து வண்ண ஒளி. காற்று அடித்தால் வலை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும், கீழே கறுப்புத் தண்ணீரில் இன்னொரு வலை தலைகீழாக ஆடும். இங்கேயும் அதே விஷயம்தான்: பகலில் அது வானத்தில் ஒரு மெல்லிய அழுக்கு. இருட்டினால்தான் கயிறுகளும் கட்டடங்களும் மறைந்து வலை மட்டும் மிதக்கும்.

குளிரும் ஈரமும்

குளிர் எல்.இ.டி.க்கு நல்லது, அது சூடேறாத வரை நன்றாக ஒளிரும், நீண்ட நாள் உழைக்கும். ப்ரொஜெக்டருக்குத்தான் ஆகாது. குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்தால் படம் பனிமூட்டமாகிவிடும், அதனால் காற்றோட்டமும் சூடும் உள்ள பெட்டிக்குள் குடிவைக்கிறார்கள். மழையில் கல் நனைந்தால் கறுத்துவிடும், ஒளியைக் குறைவாகவே திருப்பித் தரும், அதே காட்சி மங்கும். ஆனால் நனைந்த தரை கண்ணாடியாகி எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கும். புதுப்பனி விழுந்தால் விழுந்த ஒளியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பிவிடும், ஊரே வெளுக்கும், இருட்டு கெடும். குளிர்கால விழாவுக்குப் பனி அழகு என்று நினைப்போம், மேப்பிங் செய்பவர் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொள்வது வேறு.

ஆள் அதிகமானால் விளக்கை அணைக்க வேண்டும்

டர்ஹம் சின்ன ஊர். வியர் ஆறு வளைந்து சுற்றிக்கொள்ள, நடுவில் மேட்டின்மேல் 1093இல் கட்டத் தொடங்கிய கதீட்ரல். மேலே போகும் தெருக்கள் குறுகலானவை. 2009இல் முதல் லூமியேர் விழாவில் அந்தக் கதீட்ரலின் நீண்ட சுவர் முழுக்க, அந்தப் பகுதியின் பழைமையான லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் பக்கங்களைக் காட்டினார்கள். 2011இல் சந்தைச் சதுக்கத்தில் குதிரைமேல் இருக்கும் பிரபுவின் சிலையை, குலுக்கினால் பனி கொட்டும் பொம்மை உருண்டைபோல் ஒரு பெரிய கோளத்துக்குள் அடைத்துவிட்டார் ஷாக் ரிவால் என்ற பிரெஞ்சுக் கலைஞர். இதே யோசனையை 2006இல் லியோனின் பெல்கூர் சதுக்கத்துச் சிலைக்குச் செய்து பார்த்தவர் அவர். இப்படித்தான் ஊருக்கு ஊர் வேலைகள் பயணம் செய்கின்றன.

கூட்டம் அந்தச் சின்ன மேட்டில் கொள்ளவில்லை. எனவே மாலையில் நெரிசலான நேரத்துக்கு நடு ஊருக்குள் நுழைய டிக்கெட் முறை வந்தது. காசு கிடையாது, ஆனால் டிக்கெட் வேண்டும். லண்டனில் 2016 ஜனவரியில் லூமியேர் நடந்தபோது இன்னும் ஒரு படி மேலே போயிற்று: சனிக்கிழமை கிங்ஸ் கிராஸ் பகுதியில் நெரிசல் ஆபத்தான அளவுக்குப் போகவும், அங்கிருந்த கலைப்படைப்புகளைச் சிறிது நேரம் அணைத்தே வைத்தார்கள். கூட்டத்தைக் கலைக்க ஒலிபெருக்கியைவிட சுவிட்ச் வேகமாக வேலை செய்யும்.

இருட்டு இங்கே இரண்டு பக்கமும் வெட்டும். தெருவிளக்கை அணைத்துவிட்டு லட்சக்கணக்கான பேரை வழுக்கும் கல்தரையில் நடக்கவிடுகிறோம். அதனால் அவசர வழிகளில் வெளிச்சம் இருக்க வேண்டும், ஒரு நொடியில் எல்லாத் தெருவிளக்கையும் எரிய வைக்க ஆள் தயாராக இருக்க வேண்டும், நடை ஒரே திசையில் இருக்க வேண்டும். லியோனில் விழா நாட்களில் நடு ஊருக்குள் வண்டிகளை விடுவதில்லை.

சரி, மின்சாரக் கணக்கு

2022இன் கேள்விக்கு வருவோம். ஒரு சதுக்கத்தில் ஆறு பெரிய ப்ரொஜெக்டர்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் 3 கிலோவாட். ஒரு ராத்திரிக்கு 5 மணி நேரம், 4 ராத்திரி. பெருக்கினால் 360 யூனிட். அதே நேரத்தில் அந்தச் சதுக்கத்தில் 100 வாட் தெருவிளக்கு 40ஐ அணைத்திருந்தால் 80 யூனிட் மிச்சம். ஆக, அணைத்ததில் சேமித்தோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஆனால் மொத்தமே சின்னத் தொகைதான்.

இப்போது பாரிஸிலிருந்து ஒரு குடும்பம் காரில் லியோன் விழாவுக்கு வருகிறது. போகவர சுமார் 930 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் 56 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்பம் ஏறக்குறைய 9 யூனிட்டுக்குச் சமம். 500 யூனிட்! ஒரே ஒரு காரின் பயணம், அந்தச் சதுக்கத்தின் நான்கு ராத்திரி ஒளியைவிட அதிகம். எரிசக்தி பற்றிக் கவலைப்படுகிறவர் ப்ரொஜெக்டரை முறைப்பதை விட்டு ரயில் நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். பணச்செலவிலும் இதே கதைதான், மின்கட்டணம் பொருட்டே இல்லை, கருவி வாடகை, சாரம், காவலாளிகள், தடுப்புகள் என்றுதான் போகும். இருந்தாலும் அடையாளத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. வீட்டில் போர்வை போர்த்திக்கொண்டிருப்பவருக்கு யூனிட் கணக்கு ஆறுதல் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பறவைகளும் மனச்சோர்வும்

இரண்டு விஷயங்கள் இந்த விழாக்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

1. பறவைகள். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 சக்திவாய்ந்த விளக்குகளை வானத்தை நோக்கி ஏற்றுவார்கள். ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வு, சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் திசைமாறிச் சுற்றியதாக மதிப்பிட்டது. பறவைகள் அதிகமானால் அங்கே 20 நிமிடம் விளக்கை அணைக்கிறார்கள், அணைத்ததும் அவை கலைந்து போகின்றன. ஆனால் அது வலசை உச்சத்தில் இருக்கும் செப்டம்பர், ஒளியும் நேராக வானத்துக்குப் போகிறது. டிசம்பரில் வலசை பெரும்பாலும் முடிந்திருக்கும், சுவரை நோக்கிய ஒளி பெரும்பாலும் சுவரோடு நிற்கும். அதனால் எந்த மாதம், எந்தத் திசை என்று கேட்காமல் எல்லா விழாவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மரங்களில் ராத்திரி முழுக்க, வாரக்கணக்கில் விளக்கு எரியவைக்கும் அலங்காரங்கள் எனக்கு இதைவிட மோசமாகப் படுகின்றன.

2. மனச்சோர்வு. குளிர்கால இருட்டால் வரும் மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் விவரித்துப் பெயரிட்டார்கள். அதற்கான ஒளிச் சிகிச்சையில் பொதுவாகக் காலையில், கண்ணெதிரே, 10,000 லக்ஸ், அரை மணி நேரம். நாம் மேலே போட்ட கணக்கில் சுவரில் விழுவதே 100 லக்ஸ், அதில் கண்ணுக்கு வந்து சேர்வது இன்னும் கொஞ்சம்தான், அதுவும் மாலையில். எனவே ஒளி விழா மனச்சோர்வுக்கு மருந்து என்று விளம்பரத்தில் பார்த்தால் நம்ப வேண்டாம். ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடும் மாதத்தில் ஆட்களை வெளியே இழுத்துத் தெருவில் நடக்க வைக்கிறது, அக்கம்பக்கத்தாரைப் பார்க்க வைக்கிறது. அந்த அளவில் மனசுக்கு நல்லதுதான்.

ஒரு மெழுகுவர்த்தி எத்தனை லக்ஸ்?

ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்று. அளவையே அதை வைத்துத்தான் தொடங்கினார்கள். நம் கணக்கில் தெருவிளக்கை அணைத்தபின் மிஞ்சிய கசிவும் அதே 1 லக்ஸ். 20 லக்ஸ் தெருவில் ஜன்னல் மெழுகுவர்த்தி எந்தச் சுவரையும் வெளிச்சமாக்காது, அணைந்த தெருவில் அதுவே ஜன்னல் சட்டத்தையும் பக்கத்துச் சுவரின் காரையையும் காட்டிவிடும்.

2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர் தாக்குதல்களில் இறந்தார்கள். மூன்று வாரத்தில் வரவிருந்த விழாவை லியோன் ரத்து செய்தது. அவ்வளவு கூட்டத்துக்குப் பாதுகாப்புத் தர முடியாது என்பது காரணம். ஆனால் டிசம்பர் 8 மாலை, இறந்தவர்களுக்காக ஜன்னலில் லுமினியோன் வையுங்கள் என்று நகராட்சி கேட்டுக்கொண்டது. அந்தக் குவளைகள் எல்லா வீட்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருந்தன. வைத்தார்கள்.